ஹைப்ரிட் காருக்கு பிளாக் ஹீட்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவில் பிரியஸ், கொரோலா ஹைப்ரிட், ராவ்4 ஹைப்ரிட் மாதிரி வண்டி வைத்திருப்பவர்களுக்கான பக்கம் இது. உதாரணங்கள் பெரும்பாலும் டொயோட்டா வண்டிகளிலிருந்து வருகின்றன. சாலையில் அதிகம் இருப்பதும் அவைதான், குளிரில் அவை எப்படி நடந்துகொள்கின்றன என்று அதிகம் எழுதப்பட்டிருப்பதும் அவற்றைப் பற்றித்தான். சார்ஜர் குத்தி ஓட்டும் பிளக்-இன் வகைக்கு ஒரு கேள்வி கடைசிப் பகுதியில் இருக்கிறது.

பிளாக் ஹீட்டர் என்பது என்ன?

இன்ஜினின் உலோக உடலான பிளாக்கில் பொருத்தும் சிறிய மின்சார ஹீட்டர். வண்டியின் முன்பக்கத்தில் ஒரு பிளக் தொங்கும். இரவு அதை வீட்டு 120 வோல்ட் அவுட்லெட்டில் குத்தினால், காலையில் இன்ஜின் வெளிக்குளிரைவிடக் கணிசமாகச் சூடாக இருக்கும். சிறிய நான்கு சிலிண்டர் இன்ஜின்களுக்குப் பொதுவாக 400 வாட். வட டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸ் ஊரைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன் இதன் ஆதி வடிவத்துக்கு 1949-ல் காப்புரிமை பெற்றார். சிலிண்டர் ஹெட்டை இறுக்கும் போல்ட்டுகளில் ஒன்றைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் சூடாகும் போல்ட் ஒன்றைப் போடுவது அவருடைய யோசனை. வின்னிபெக்கிலிருந்து எல்லை தாண்டித் தெற்கே போனால் வரும் ஊர் அது. இப்படி ஒன்று அங்கே தோன்றியதில் ஆச்சரியம் இல்லை.

ஹைப்ரிடில்தான் மின்மோட்டார் இருக்கிறதே, இன்ஜினைச் சூடாக்கி என்ன பயன்?

இந்தப் பக்கத்தை எழுதக் காரணமே இந்தக் கேள்விதான்.

சாதாரண வண்டியில் பிளாக் ஹீட்டர் போடுவது இன்ஜினைக் கிளப்புவதற்காக. ஹைப்ரிடில் அதைப் போடுவது இன்ஜினைச் சீக்கிரம் அணைய வைப்பதற்காக.

ஹைப்ரிடின் சிக்கனம் முழுக்க ஒரு விஷயத்தில் அடங்கியிருக்கிறது: தேவையில்லாதபோது இன்ஜின் நின்றுவிடுகிறது. சிக்னலில் நிற்கும்போது, சரிவில் இறங்கும்போது, மெதுவாக ஊரும்போது பெட்ரோல் செலவே இல்லை. ஆனால் இன்ஜின் சூடாகாத வரை கணினி அதை நிற்க விடாது. பிரியஸில் கூலன்ட் (இன்ஜினுக்குள் சுற்றும் குளிர்விப்புத் திரவம்) சுமார் 70 டிகிரிக்கு வந்த பிறகுதான் இன்ஜின் தாராளமாக அணைந்து எரியும். மைனஸ் 20-ல் நின்ற வண்டி அந்த 70-ஐத் தொட 90 டிகிரி ஏற வேண்டும். ஐந்து கிலோமீட்டர் தூர வேலைக்குப் போகிறவருக்கு அந்த நேரம் வருவதற்குள் ஆபீஸ் வந்துவிடும். அதாவது வழி நெடுக அவர் ஓட்டியது ஹைப்ரிடே அல்ல. கொஞ்சம் எடை கூடின பெட்ரோல் வண்டி.

இதோடு கேபின் ஹீட்டர் வேறு. உள்ளே வரும் சூடான காற்று பெரும்பாலான ஹைப்ரிட்களில் இன்ஜின் கூலன்ட்டிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. உள்ளே 24 டிகிரி வேண்டும் என்று வைத்துவிட்டு ஃபேனையும் முழு வேகத்தில் விட்டால், இன்ஜின் தயாரிக்கிற சூட்டையெல்லாம் நீங்கள் உறிஞ்சிக்கொண்டிருக்கிறீர்கள். கூலன்ட் ஏறாது, இன்ஜினும் நிற்காது. சிக்னலில் நிற்கும்போது சூடு குறைந்தால், சூட்டுக்காகவே இன்ஜின் மறுபடி எழும்.

ஹைப்ரிடின் இன்ஜின் திறமையானது என்பதும் குளிரில் எதிராகவே வேலை செய்கிறது. சக்தியைக் குறைவாக விரயமாக்கும் இன்ஜின் குறைவாகவே சூடாகும். பிளாக் ஹீட்டர் அந்த ஏற்றத்தில் முதல் 30 டிகிரியை அவுட்லெட் மின்சாரத்தில் முடித்துக் கொடுக்கிறது.

குளிரில் மைலேஜ் உண்மையில் எவ்வளவு இறங்கும்?

அமெரிக்க எரிசக்தித் துறையின் சோதனைக் கணக்குப்படி, 25 டிகிரியில் ஓட்டுவதோடு ஒப்பிட்டால் மைனஸ் 7 டிகிரியில், நகர ஓட்டத்தில் சாதாரண பெட்ரோல் காரின் மைலேஜ் சுமார் 15 சதவீதம் குறைகிறது. ஐந்தாறு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் குறும்பயணங்களில் 24 சதவீதம் வரை போகலாம். ஹைப்ரிடில் 30 முதல் 34 சதவீதம். "என் ஹைப்ரிட் குளிர்காலத்தில் ஏமாற்றுகிறது" என்று புலம்புகிறவர்கள் பொய் சொல்லவில்லை. வண்டியில் கோளாறும் இல்லை.

மைனஸ் 20-ல் பிளாக் ஹீட்டரால் எரிபொருள் சிக்கனம் 10 சதவீதம் வரை கூடலாம் என்று கனடாவின் இயற்கை வளத் துறை சொல்கிறது. "வரை" என்ற சொல்லைக் கவனியுங்கள். அந்தப் பலன் குறும்பயணக்காரர்களுக்கு. காலையில் ஏறி 80 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் போகிறவருக்குப் பத்து நிமிடத்தில் இன்ஜின் தானாகச் சூடாகிவிடும், மிச்சப் பயணத்தில் ஹீட்டர் இருந்ததும் இல்லாததும் ஒன்றுதான்.

பிளக் போட்டு வைத்தும், காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் இன்ஜின் ஓடுகிறதே. ஹீட்டர் வேலை செய்யவில்லையா?

வேலை செய்திருக்கும். பிளாக் ஹீட்டர் இன்ஜினைத்தான் சூடாக்குகிறது, புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை அல்ல. கன்வெர்ட்டர் சில நூறு டிகிரி சூடான பிறகே புகையைச் சுத்தம் செய்யத் தொடங்கும். அதனால் வெயில்காலத்தில்கூட பிரியஸ் முதல் ஒரு நிமிடம் போல இன்ஜினை ஓட்டி, அந்தப் புகையாலேயே கன்வெர்ட்டரைச் சூடாக்கும். அந்த நேரத்தில் வண்டியை நகர்த்துவது பெரும்பாலும் பேட்டரிதான். அந்த முதல் நிமிடத்தை எந்த பிளாக் ஹீட்டராலும் தவிர்க்க முடியாது. அதற்கு அடுத்த பத்து நிமிடங்களில்தான் வித்தியாசம் தெரியும்.

குளிரில் ஹைப்ரிட் ஸ்டார்ட் ஆகாமல் போகுமா?

சாதாரண வண்டியைவிட வாய்ப்பு குறைவு. சாதாரண காரில் 12 வோல்ட் பேட்டரி ஒரு சின்ன ஸ்டார்ட்டர் மோட்டாரை வைத்து, குளிர்ந்து இறுகிய எண்ணெயில் மூழ்கிக் கிடக்கும் இன்ஜினைச் சுழற்ற வேண்டும். டொயோட்டா ஹைப்ரிடில் அந்த வேலையைச் செய்வது, மின்மோட்டாருக்கென்று தனியாக இருக்கும் பெரிய பேட்டரியில் ஓடும் ஜெனரேட்டர் மோட்டார். நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று அளவுக்கு அது இன்ஜினை அலட்சியமாகச் சுழற்றிவிடும். 12 வோல்ட் பேட்டரிக்கு அங்கே வேலை கணினிகளை எழுப்புவதும் ரிலேக்களை மூடுவதும்தான்.

ஆனால் அந்தச் சின்ன வேலைக்குக்கூட உயிர் இல்லாமல் 12 வோல்ட் பேட்டரி செத்துக் கிடந்தால், பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் வண்டி எழாது. குளிர்கால ஹைப்ரிட் "ஸ்டார்ட் ஆகவில்லை" புகார்களில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். ஐந்தாறு வயதான 12 வோல்ட் பேட்டரியை நவம்பருக்குள் கடையில் சோதித்துவிடுங்கள்.

இன்னொரு எல்லையும் உண்டு. பெரிய பேட்டரி மைனஸ் 30-க்குக் கீழே குளிர்ந்துவிட்டால் ஹைப்ரிட் அமைப்பு எழாமல் போகலாம், சூடு கொஞ்சம் ஏறியதும் மறுபடி முயலுங்கள் என்று பிரியஸ் கையேடு சொல்கிறது. வின்னிபெக், சஸ்கட்டூன் பக்கம் ஜனவரியில் இந்த எண் அபூர்வமானது அல்ல. டொரொண்டோவில் இதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம்.

அப்போ பிளாக் ஹீட்டர் அந்தப் பெரிய பேட்டரியையும் சூடாக்குமா?

இல்லை. 12 வோல்ட்டையும் சூடாக்காது, இன்வெர்ட்டரையும் (பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) சூடாக்காது. இன்வெர்ட்டருக்குத் தனிக் கூலன்ட் சுற்று. பெரிய பேட்டரி பின்னிருக்கைப் பக்கம் எங்கோ இருக்கிறது. கேபின் சூடாகும்போது அதுவும் மெதுவாகச் சூடாகும். குளிர்ந்த பேட்டரி சார்ஜ் ஏற்றவும் இறக்கவும் தயங்கும். பிரேக் போடும்போது திரும்பி வரும் மின்சாரமும் அதனால் குறையும். இந்த இழப்பை பிளாக் ஹீட்டர் ஈடு செய்யாது. குளிரில் மைலேஜ் இறங்குவதில் இதற்கும் பங்கு உண்டு என்பதால், ஹீட்டர் போட்டதும் கோடைகால எண்கள் திரும்பி வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். 2019-ல் வந்த நான்கு சக்கர இழுவை பிரியஸுக்கு டொயோட்டா லித்தியத்தை விட்டுவிட்டு நிக்கல் பேட்டரி வைத்ததற்கும் குளிரைத்தான் காரணம் சொன்னார்கள்.

எத்தனை மணி நேரம் பிளக்கில் இருக்க வேண்டும்?

இரண்டு, மூன்று மணி நேரம் போதும். மைனஸ் 25-க்குக் கீழே நான்கு.

தொடக்கத்தில் சூடு வேகமாக ஏறும். வெளிக்குளிரைவிட சுமார் 30, 40 டிகிரி மேலே போனதும் ஹீட்டர் கொடுக்கிற சூடும் காற்று பறிக்கிற சூடும் சமமாகிவிடும். அதற்குப் பிறகு விடிய விடிய போட்டு வைத்தாலும் ஒரு டிகிரி கூடாது, மீட்டர்தான் ஓடும். இரவு பத்து மணிக்குக் குத்திவிட்டுக் காலை எட்டுக்குப் பிடுங்குவது வீண். பத்து, இருபது டாலருக்கு வெளிப்புற டைமர் கிடைக்கிறது. ஏழரைக்குக் கிளம்புகிறவர் நாலரைக்கு வைத்துவிட்டுப் படுக்கலாம். உள்ளே வைக்கும் டைமரை வெளியே வைக்காதீர்கள். பனி உருகி உள்ளே போனால் அது நல்லதுக்கு இல்லை.

எந்தக் குளிரிலிருந்து தொடங்கலாம்?

சாதாரண வண்டிகளுக்கு மைனஸ் 15, மைனஸ் 20 என்று சொல்வார்கள். அது இன்ஜின் கிளம்புமா என்ற கவலையிலிருந்து வந்த எண். ஹைப்ரிடில் நோக்கமே வேறு என்பதால், பூஜ்யத்துக்குக் கீழே போனதிலிருந்தே பலன் உண்டு. மைனஸ் 5-ல் இரண்டு மணி நேரம் போட்டால் கிளம்பும்போதே கூலன்ட் 25 டிகிரிக்கு மேல் இருக்கும். அது ஜூன் மாதக் காலை மாதிரி. ஜனவரி சராசரி மைனஸ் 4, 5 டிகிரி இருக்கும் டொரொண்டோவில் ஹைப்ரிட்காரர் இதைப் பயன்படுத்துவதற்கு இதுதான் நியாயம். ஜனவரி சராசரி மைனஸ் 16 இருக்கும் வின்னிபெக்கில் நியாயம் தேடவே வேண்டாம்.

விண்ட் சில் மைனஸ் 35 என்று ரேடியோவில் சொல்கிறார்கள். வண்டிக்கு எந்த எண்?

தெர்மாமீட்டர் எண்தான். விண்ட் சில் என்பது மனிதத் தோல் எவ்வளவு வேகமாகச் சூட்டை இழக்கிறது என்பதற்கான கணக்கு. காற்று எவ்வளவு அடித்தாலும் மைனஸ் 22-ல் நிற்கும் இன்ஜின் மைனஸ் 22-க்குக் கீழே போகாது. ஆனால் ஹீட்டர் ஏற்றும் சூட்டைக் காற்று அள்ளிக்கொண்டு போகும். வண்டியின் மூக்கைச் சுவரைப் பார்த்தோ, காற்று படாத பக்கமோ நிறுத்தினால் அதே மின்சாரத்துக்கு இன்னும் சில டிகிரி கிடைக்கும். இது காசு செலவில்லாத வேலை, பலர் செய்வதில்லை.

பணம் மிச்சமாகுமா? நேராகச் சொல்லுங்கள்.

கொஞ்சம் ஆகும், நிறைய ஆகாது. கணக்கைப் பார்க்கலாம்.

400 வாட் ஹீட்டர் மூன்று மணி நேரம் ஓடினால் 1.2 யூனிட். யூனிட்டுக்கு 10 சென்ட் என்று வைத்தால் 12 சென்ட். இதில் பாதி சூடு கிளம்பும் நேரத்தில் இன்ஜினில் தங்கியிருக்கிறது என்று கொள்வோம். ஒரு லிட்டர் பெட்ரோலின் சக்தியில் மூன்றில் ஒரு பங்குதான் கூலன்ட்டுக்குப் போகும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், அதே சூட்டை இன்ஜின் தானே உண்டாக்க சுமார் 0.2 லிட்டர் எரிக்க வேண்டும். லிட்டர் ஒன்றரை டாலர் என்றால் 30 சென்ட். ஆக ஒரு காலைக்கு 18 சென்ட் லாபம். குளிர்காலத்தில் 100 காலைகள் என்றால் 18 டாலர். இன்ஜின் சீக்கிரம் நின்று எழத் தொடங்குவதால் வரும் கூடுதல் மிச்சத்தையும் சேர்த்தால் இது இரட்டிப்பாகலாம். ஹீட்டரை வாங்கிக் கடையில் பொருத்த முன்னூறு டாலர் ஆகிறது என்றால், அது திரும்பி வரப் பல குளிர்காலங்கள் ஆகும்.

அதனால் புது வண்டியோடு ஹீட்டர் வந்திருந்தால் பயன்படுத்தாமல் விடாதீர்கள். மேற்கு மாகாணங்களில் விற்கும் பல வண்டிகளில் அது கூடவே வரும். பம்பருக்குப் பின்னால் பிளக் சுருட்டிக் கட்டியிருக்கும், சொந்தக்காரருக்கே தெரியாமல் இருக்கும். இல்லாத வண்டிக்குத் தேடிப் போய்ப் பொருத்துவது பணத்துக்காக என்றால் என் ஓட்டு வேண்டாம் என்பதற்கே. ஏறியவுடன் வரும் சூடான காற்று, சீக்கிரம் உருகும் கண்ணாடிப் பனி, இன்ஜினின் ஆயுள் ஆகியவற்றுக்காக என்றால் போடலாம்.

ஆயுள் என்று சொன்னீர்களே, அது எப்படி?

மார்கழி விடியலில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. இன்ஜின் எண்ணெய் உறையாது, ஆனால் கெட்டியாகும். மேலே ஏற நேரம் எடுக்கும். இப்போதைய ஹைப்ரிட்களில் போடும் 0டபிள்யூ-20, 0டபிள்யூ-16 எண்ணெய்கள் குளிரில் நன்றாகவே ஓடுகின்றன, அதனால் இந்தக் கவலை முன்பு இருந்த அளவு இல்லை.

ஹைப்ரிடுக்கே உரிய தொல்லை வேறு. குளிர்ந்த இன்ஜினில் முழுதாக எரியாத பெட்ரோலும், எரிதலில் உண்டாகும் நீராவியும் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி எண்ணெயில் கலக்கும். இன்ஜின் நன்றாகச் சூடானால் இவை ஆவியாகிப் போய்விடும். குறும்பயணம் மட்டுமே போகும் ஹைப்ரிடில் சூடாவதற்குள் இன்ஜின் நிறுத்தப்படுவதால் கலந்தது அப்படியே தங்கும். எண்ணெய் மூடியைத் திறந்தால் உள்ளே மோர் நிறத்தில் பிசுக்கு படிந்திருப்பது இதனால்தான். பிளாக் ஹீட்டர் இதைக் குறைக்கும். வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டினால் இன்னும் நல்லது.

நானே பொருத்தலாமா?

எந்த வகை ஹீட்டர் என்பதைப் பொறுத்தது. பிரியஸுக்கு டொயோட்டா விற்பது உலர் வகை. பிளாக்கில் ஏற்கெனவே இருக்கும் ஒரு துளையில் வெப்பப் பசை தடவிச் செருகுவது, கூலன்ட்டை இறக்க வேண்டியதில்லை. கைவேலை தெரிந்தவர்கள் வீட்டிலேயே செய்கிறார்கள், ஆனால் இடம் நெருக்கடியானது, விரல் முட்டியில் தோலுரியும்.

பிளாக்கின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிக் கூலன்ட்டுக்குள் அமிழ்த்தும் வகை என்றால் கடையில் கொடுங்கள். கூலன்ட்டை இறக்கி ஏற்றும்போது உள்ளே காற்று மாட்டிக்கொண்டால் ஹைப்ரிடில் அதை வெளியேற்றுவது தனிக் கலை. 2010-க்குப் பிறகான பிரியஸில் வாட்டர் பம்பே மின்சாரத்தில் ஓடுகிறது. காற்று நிறைந்த பம்ப்பும் கூலன்ட் எட்டாத ஹெட்டும் சேர்ந்தால் வரும் செலவு ஹீட்டர் விலையைப் போல் பல மடங்கு.

எந்த வகையானாலும் ஆரஞ்சு நிற வயர்களைத் தொடாதீர்கள், ஹீட்டர் வயரை அவற்றோடு சேர்த்துக் கட்டாதீர்கள். அவை உயர் மின்னழுத்தப் பாதை. இரண்டாம் தலைமுறை பிரியஸ் பேட்டரியே 200 வோல்ட்டுக்கு மேல், இன்வெர்ட்டர் அதை 500 வரை ஏற்றும். புகைக்குழாய், ஃபேன், பெல்ட் பக்கமும் வயர் போகக் கூடாது. பொருத்துவதற்கு முன் "எரிகிறதா பார்ப்போம்" என்று ஹீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு மின்சாரம் கொடுக்காதீர்கள். சூட்டை வாங்கிக்கொள்ள உலோகமோ கூலன்ட்டோ இல்லாமல் அது தன்னையே எரித்துக்கொள்ளும்.

எக்ஸ்டென்ஷன் வயர் எது வாங்குவது?

வெளிப்புறப் பயன்பாட்டுக்கானது, மூன்று முள், 14 கேஜ், சிஎஸ்ஏ என்ற கனடியப் பாதுகாப்புத் தர முத்திரை உள்ளது, தேவைக்கு மேல் நீளம் இல்லாதது. 400 வாட் என்பது மூன்றரை ஆம்பியர்கூட இல்லை. மெல்லிய வயரும் தாங்கும்தான். ஆனால் மலிவான வயரின் உறை மைனஸ் 25-ல் குச்சி மாதிரி விறைத்து வெடித்துவிடும். குளிரிலும் வளையும் ரப்பர் உறையாகப் பார்த்து வாங்குங்கள். அவுட்லெட் ஜிஎஃப்சிஐ பாதுகாப்பு (மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிப்பது) உள்ளதாக இருக்க வேண்டும். இணைப்பு பனியில் புதைந்து கிடக்க வேண்டாம், சற்றே தூக்கித் தொங்கவிடுங்கள். அப்புறம் ஸ்னோ ப்ளோயர் ஓட்டும் முன் வயர் எங்கே கிடக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

அபார்ட்மெண்டில் இருக்கிறேன். பார்க்கிங்கில் அவுட்லெட் இல்லை.

நிலத்தடி பார்க்கிங் என்றால் உங்களுக்கு ஹீட்டரே தேவையில்லை. அங்கே வெளியைவிட எவ்வளவோ கதகதப்பு. திறந்தவெளி என்றால், எட்மன்டன், வின்னிபெக் போன்ற ஊர்களில் வாடகைக்கு எடுக்கும் முன்பே பிளக் உள்ள இடம் கேட்பது வழக்கம். சில பார்க்கிங்குகளில் மின்சாரத்தை விட்டு விட்டுக் கொடுப்பார்கள், இருபது நிமிடம் உண்டு, இருபது நிமிடம் இல்லை என்கிற மாதிரி. அங்கே உங்கள் டைமரை வைத்தால் நேரம் குழம்பும். நேரடியாகக் குத்திவிடுவதே சரி.

ரிமோட் ஸ்டார்ட்டர் வைத்திருக்கிறேன். அது போதாதா?

வசதிக்குப் போதும், சிக்கனத்துக்கு நேர் எதிர். நின்ற இடத்தில் இன்ஜினை ஓட்டிச் சூடாக்குவது பெட்ரோலை எரித்துச் சூடு வாங்குவது. பிளாக் ஹீட்டர் மிச்சம் பிடிப்பதே அந்தப் பெட்ரோலைத்தான். இரண்டும் இருந்தால் முதலில் பிளக், கிளம்பும் முன் ஒன்றிரண்டு நிமிடம் ரிமோட்.

இதில் ஓர் எச்சரிக்கை. மூடிய கராஜில் ஹைப்ரிடை "ரெடி" நிலையில் விட்டுவிட்டு வீட்டுக்குள் போகாதீர்கள். சத்தம் இல்லாமல் நிற்கும் வண்டி அணைந்துவிட்டது போலத் தோன்றும். பேட்டரி இறங்கினாலோ கூலன்ட் குளிர்ந்தாலோ இன்ஜின் தானாக எழுந்து ஓடும். கார்பன் மோனாக்ஸைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. கராஜை ஒட்டிய வீட்டில் அதற்கான அலாரம் கட்டாயம் இருக்க வேண்டும். பிளாக் ஹீட்டர் போடும் வண்டியை அணைத்துவிட்டுத்தான் போடுகிறோம் என்பதால் இந்த ஆபத்து அதில் இல்லை.

கிரில்லை அடைத்து வைக்கிறார்களே, அது எதற்கு?

பழைய பிரியஸ்காரர்களின் கைவைத்தியம். குழாய்க்குச் சுற்றும் நுரை உறையை நறுக்கி கிரில் இடுக்குகளில் செருகினால், ஓடும்போது குளிர்காற்று இன்ஜினை அடிக்காது. ஏறிய சூடு இறங்காது. பிளாக் ஹீட்டர் கிளம்பும் வரைதான் உதவும், இது கிளம்பிய பிறகு உதவும். இரண்டும் நல்ல ஜோடி. முழுதாக அடைக்காமல் ஒரு பகுதியைத் திறந்து விடுங்கள், வெளியே 10 டிகிரி தொடங்கியதும் பிடுங்கிவிடுங்கள். 2016 முதல் வந்த பிரியஸில் தானே மூடித் திறக்கும் கிரில் இருக்கிறது, அதில் கைவைக்க வேண்டாம்.

2004 முதல் 2009 வரையிலான பிரியஸில் தெர்மாஸ் இருந்தது என்கிறார்களே?

உண்மைதான். வட அமெரிக்க மாடல்களில் மூன்று லிட்டர் சூடான கூலன்ட்டை ஒரு வெற்றிடக் குடுவையில் மூன்று நாள் வரை சேமித்து, அடுத்த ஸ்டார்ட்டுக்கு முன் ஒரு சிறிய பம்ப் அதை இன்ஜின் ஹெட்டுக்கு அனுப்பும். வண்டியை அணைத்த பிறகும் முன்னால் ஏதோ ரீங்கரிக்கும் சத்தம் அதுதான். அடுத்த தலைமுறையில் இதை எடுத்துவிட்டுப் புகையின் சூட்டைக் கூலன்ட்டுக்குத் திருப்பும் அமைப்பை வைத்தார்கள். தெர்மாஸ் இருக்கும் வண்டிக்கும் பிளாக் ஹீட்டர் பலன் தரும்.

என்னுடையது பிளக்-இன் ஹைப்ரிட். சார்ஜர் போட்டாலே போதுமா?

பெரும்பாலும் போதும். சார்ஜரில் இருக்கும்போதே கேபினைச் சூடாக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள், அதுதான் உங்கள் பிளாக் ஹீட்டர். ஆனால் பிரியஸின் பிளக்-இன் வகையான பிரியஸ் பிரைமில், வெளிக்காற்றிலிருந்து சூடு எடுத்து கேபினுக்குக் கொடுக்கும் ஹீட் பம்ப் மைனஸ் 10 வாக்கில் ஓய்ந்துவிடும், பேட்டரி நிறைந்திருந்தாலும் சூட்டுக்காக இன்ஜின் எழும். மைனஸ் 20 சகஜமான ஊரில், இன்ஜின் எப்படியும் எழப்போகிறது என்றால் பிளாக் ஹீட்டருக்கும் வேலை இருக்கிறது. சார்ஜரையும் ஹீட்டரையும் ஒரே சர்க்யூட்டில் போட்டால் பிரேக்கர் விழலாம்.

ஹீட்டர் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அவுட்லெட்டில் செருகும் வாட் மீட்டர் இருந்தால் 400 பக்கத்தில் காட்டும். மல்டிமீட்டர் இருந்தால், அவுட்லெட்டிலிருந்து பிடுங்கிய பிளக்கின் இரண்டு தட்டை முட்களுக்கிடையே அளந்து பாருங்கள்: 400 வாட் ஹீட்டருக்கு 36 ஓம் வாக்கில் வரும். முடிவில்லாத எண் வந்தால் ஹீட்டரோ வயரோ அறுந்துவிட்டது. ஓபிடி ரீடரும் (வண்டிக் கணினியின் எண்களைப் படிக்கும் கருவி) போன் செயலியும் இருந்தால் காலையில் கூலன்ட் வெப்பநிலையைப் பாருங்கள். மைனஸ் 15 காலையில் பிளஸ் 15, 20 காட்டினால் சந்தோஷம்.

பிளக்கைப் பிடுங்காமல் கிளம்பிவிட்டால்?

சார்ஜர் குத்தியிருந்தால் பிளக்-இன் வண்டி நகர மறுக்கும். பிளாக் ஹீட்டர் குத்தியிருப்பது வண்டிக்குத் தெரியாது, தாராளமாகக் கிளம்பிவிடும். வயரோ, பிளக்கோ, சுவர் அவுட்லெட்டோ ஏதோ ஒன்று போகும். வயரை ஓட்டுநர் கதவுப் பக்கமாகக் கொண்டுவந்து பக்கக் கண்ணாடியில் ஒரு சுற்று சுற்றிவிட்டுக் குத்துவது பிரெய்ரி (வின்னிபெக், சஸ்கட்டூன் இருக்கும் சமவெளி) ஊர்க்காரர்களின் வழக்கம். பார்க்காமல் ஏற முடியாது.

கூலன்ட்டில் ஏதாவது கவனிக்க வேண்டுமா?

கனடாவில் டொயோட்டா சொல்லும் கலவை 55 சதவீதம் கூலன்ட், மைனஸ் 42 வரை உறையாது. அமெரிக்கக் கலவை 50 சதவீதம், மைனஸ் 35 வரை. எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பழைய வண்டி வாங்கி வந்து மனிடோபாவில் ஓட்டுகிறவர்கள் இதை ஒருமுறை சோதித்துவிடுங்கள். தண்ணீர் ஊற்றி நிரப்பின ரேடியேட்டரை பிளாக் ஹீட்டர் காப்பாற்றாது, அது பிளாக்கை மட்டுமே சூடாக்குகிறது.

வெயில்காலத்தில் என்ன செய்வது?

பிளக்குக்கு மூடி போட்டு, தொங்காமல் பம்பருக்குப் பின்னால் கட்டிவிடுங்கள். சாலை உப்பில் பித்தளை முட்கள் பச்சை பிடித்திருந்தால் மே மாதமே துடைத்துவிடுங்கள். அக்டோபரில் அந்தப் பச்சை இன்னும் கெட்டியாகியிருக்கும். உறையில் எலி கடித்த தடமோ விரிசலோ இருந்தால் டேப் சுற்றாமல் வயரையே மாற்றுங்கள்.